நீல விரிப்பின் எடை

அனுப்புநர்:
தராசு பழுதுபார்க்கும் கடைக்காரரின் மூத்த மகள்,
சைக்கிள் கடைக்கு மேல்மாடி,
சந்தைக்குப் பின்தெரு.

பெறுநர்:
முத்திரை அதிகாரி அவர்கள்,
எடையளவுக் கட்டுப்பாட்டு அலுவலகம்.

பொருள்: விமான நிலையத்தின் ஏழாம் எண் வாயிலில் உள்ள தராசு பயணிகளின் பைகளை 800 கிராம் கூட்டிக் காட்டுவது – அதைச் சுட்டிக்காட்டிய என் தந்தையின் முத்திரையிட்ட எடைக்கல் பறிக்கப்பட்டது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. விமான நிறுவனம் வழங்கிய பறிமுதல் ரசீது. 2. அதே நிறுவனம் எனக்கு அனுப்பிய ஐந்து பதில்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து தங்கள் அலுவலகத்துக்கு இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை. அப்பா வருவார், சன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பார், தராசுகளுக்கு முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவார். இந்த விஷயத்தை நான் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் தங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, உதவியாளர் "என்னம்மா வேணும்?" என்று கேட்டதும் "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். எனக்குப் பேச்சு வராது. எழுத்து கொஞ்சம் வரும். ஆகவே இந்த மனு. நீளமாக இருப்பதற்கும் சேர்த்துப் பொறுத்தருள வேண்டும்.

மனுவில் கோபம் தெரியக் கூடாது என்று தோழி ஒருத்தி அறிவுரை சொன்னாள். மறைக்க முயன்றிருக்கிறேன். முழுவதும் மறையவில்லை என்றால் அதையும் உண்மையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் தந்தையைத் தாங்கள் அறிவீர்கள். ஒவ்வொரு மாதமும் முத்திரை நாளன்று சந்தைக் கடைக்காரர்களின் மின்னணுத் தராசுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் பழைய துண்டு வைத்துக் கொண்டுவருபவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் தாங்கள் அவரிடம், "உங்க கல்லுல மட்டும் எனக்குச் சந்தேகமே வராது" என்று சொன்னதாக வீட்டுக்கு வந்து சொன்னார். அதை அம்மாவிடம் ஒருமுறை, எங்களிடம் ஒருமுறை, சாப்பிடும்போது மறுபடி ஒருமுறை சொன்னார்.

2. எந்தக் கடைக்குப் போனாலும் அவர் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. தராசுத் தட்டின் மேல் ஏதாவது விரிப்போ காகிதமோ அட்டையோ இருந்தால் அதைத் தூக்கிப் பார்ப்பார். வணக்கம் சொல்வது கூட அதற்குப் பிறகுதான். தட்டில் ஒன்றும் வைக்காதபோது தராசு சைபர் காட்ட வேண்டும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த மனு முழுவதும் அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

3. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். பாடம் புள்ளியியல். தொலைதூரக் கல்வி வழியாகப் படித்ததால் பட்டமளிப்பு விழா வேறு நகரத்தில் நடந்தது. ரயிலில் போனால் அப்பா இரண்டு நாள் கடையை மூட வேண்டும். விமானத்தில் போனால் ஒரு நாள் போதும். ஒரு குறைந்த கட்டண விமான நிறுவனம் ரயில் கட்டணத்துக்கே விமானச் சீட்டு என்று விளம்பரம் செய்திருந்தது. நான்தான் அதைப் பார்த்துச் சொன்னேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த விரிப்பின் மேல் அவர்களே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

4. சீட்டு வாங்கும்போது என் கைப்பேசித் திரையில் தொகை ஒவ்வொரு பக்கத்திலும் ஏறிக்கொண்டே போனது. அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இணையத்தில் பணம் கட்டுவதற்கு வசதிக் கட்டணம் என்றார்கள். "யாருக்கு வசதி?" என்று கேட்டார். அடுத்தடுத்த இருக்கைக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். "உக்காரவும் காசா? நின்னுக்கிட்டே வரலாமான்னு கேளு பாப்பா" என்றார். விமானம் ஏறும் சீட்டை வீட்டிலேயே அச்சிட்டு வராவிட்டால் அதற்கும் கட்டணம் என்று இருந்தது. அதைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, கீழே சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லப் போய்விட்டார். கடைசிப் பக்கத்தில் நின்ற தொகை, விளம்பரத்தில் இருந்ததைப் போல் இரண்டு மடங்கு. அதையும் கட்டினோம். இவை எதையும் பற்றி நான் புகார் செய்யவில்லை. பாதி மறைத்தாவது திரையில் காட்டினார்கள். நான் புகார் செய்வது திரையில் காட்டாத ஒன்றைப் பற்றி.

5. கையில் கொண்டுபோகும் பை ஏழு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மீறினால் கட்ட வேண்டிய தொகை, அப்பா ஒன்பது தராசுகளைப் பழுதுபார்த்து வாங்கும் கூலிக்குச் சமம். இருவருக்கும் சேர்த்து ஒரே பை எடுத்துக்கொண்டோம். அப்பா அதைக் கடையில் தங்கள் முத்திரை உள்ள தராசில் வைத்தார். 5.980 காட்டியது. "ஒரு கிலோ இடம் சும்மா கெடக்கே" என்று சொல்லி, தம் சோதனைக் கற்களில் ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து, விழாவில் அவர் போடுவதற்காக அம்மா வாங்கிக் கொடுத்திருந்த புதுச் சட்டைக்கு அடியில் வைத்தார். 6.980.

இதைப் படிக்கும் வேறு யாரும், விமானத்துக்கு எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு போகும் மனிதர் யார் என்று சிரிப்பார்கள். தாங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். விழா முடிந்ததும் அந்த நகரத்தில் ஒரு வியாபாரியிடம் பழைய தராசு ஒன்றைப் பார்த்து வாங்குவதாக இருந்தார். விற்பவரின் கல்லை வைத்து விற்பவரின் தராசைச் சோதிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

6. பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அங்கிருந்த அலுவலர் கல்லை வெளியே எடுத்து, திருப்பி, அடியில் ஈயம் ஊற்றிய குழியில் இருந்த தங்கள் அலுவலக முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். "என்ன சார், கடையவே தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்று கேட்டுச் சிரித்துத் திருப்பித் தந்தார். அப்பாவும் சிரித்தார். அன்று யாரோடும் அவர் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்பதால் எழுதுகிறேன்.

7. ஏழாம் எண் வாயிலில், விமானத்துக்குப் போகும் கதவுக்கு இடப்பக்கம், முழங்கால் உயரத்தில் ஒரு தராசு இருந்தது. தட்டின் மேல் கனமான நீல நிற ரப்பர் விரிப்பு. அதில் நிறுவனத்தின் பெயரும், கீழே "லேசாகப் பறப்போம்" என்ற வாசகமும். எண் காட்டும் திரை ஊழியர் பக்கம் திரும்பியிருந்தது. எங்கள் பையை வைத்ததும் கழுத்தில் மஞ்சள் பட்டை அணிந்த ஊழியர் "ஏழு புள்ளி எட்டு" என்றார். கையில் இருந்த பணத்தை நான் எண்ணத் தொடங்கினேன். அப்பா எண்ணவில்லை. பையைத் தட்டிலிருந்து தூக்கிக் கீழே வைத்தார். குனிந்து, தலையைச் சாய்த்து, அந்தப் பக்கம் திரும்பியிருந்த திரையைப் பார்த்தார். காலித் தட்டு 0.8 காட்டியது.

8. அதன் பிறகு அங்கே பேசப்பட்டதை, நினைவில் உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல் பதிவு செய்கிறேன்.

அப்பா, "தம்பி, விரிப்போட எடை சேர்ந்து வருது. அதோடவே சைபர் பண்ணிட்டு வையுங்க, சரியாயிடும்" என்றார்.

மஞ்சள் பட்டைக்காரர், "பெரியவரே, இது காய்கறிக் கடை இல்ல" என்றார்.

அப்பா, "காய்கறிக் கடையில இப்படி வைக்க விடமாட்டாங்க தம்பி" என்றார். அவர் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார். ஆனால் எங்கள் பின்னால் நின்ற வரிசை சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பு மஞ்சள் பட்டைக்காரரின் முகத்தில் போய் விழுந்ததை நான் பார்த்தேன்.

அப்பா பையைத் திறந்து எடைக்கல்லை எடுத்து விரிப்பின் நடுவில் வைத்து, "இது ஒரு கிலோ. என்ன காட்டுதுன்னு நீங்களே பாருங்க" என்றார். 1.8 காட்டியது. வரிசையிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "அப்ப நான் கட்டின காசு?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர், "இது நல்லா இருக்கே. தரைவிரிப்புக்கும் சேர்த்து நாம டிக்கெட் எடுக்கணுமா?" என்றார்.

மஞ்சள் பட்டைக்காரர் புத்திசாலி. கல் இல்லாத பையை மறுபடி வைத்துப் பார்த்தார். 6.8. "சரி, இப்ப சரியாப் போச்சு. கல்லப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுக் கெளம்புங்க சார்" என்றார். முதல் முறையாக சார் என்றார்.

ஐயா, எங்கள் சிக்கல் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது. கட்டணம் கட்ட வேண்டியதில்லை. கதவு திறந்திருந்தது. நான் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. "எனக்குச் சரியாப் போச்சு தம்பி. தராசுக்குச் சரியாகலயே. பின்னாடி நிக்கிறவங்க?" என்றார்.

9. அதற்குப் பிறகு மேற்பார்வையாளர் வந்தார். அவரிடம் மஞ்சள் பட்டைக்காரர் தராசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கையில இரும்ப வச்சிக்கிட்டு மிரட்டுறாரு" என்று சொன்னார். மேற்பார்வையாளர் கல்லைப் பார்த்தார், அப்பாவின் செருப்பைப் பார்த்தார், முடிவுக்கு வந்துவிட்டார். விசாரணைக்காக அப்பா இருக்க வேண்டும், நான் போகலாம், நான்கு நிமிடத்தில் கதவை மூடுகிறோம் என்றார்.

அப்பா பையை என் கையில் கொடுத்தார். "நீ போ பாப்பா. பட்டம் வாங்கப் போறது நீயா நானா?" என்றார்.

நான் போனேன். தராசுக்காரர் மகள், புள்ளியியல் பட்டதாரி, எண்களை வைத்து எது உண்மை என்று காட்டுவதற்கென்றே மூன்று ஆண்டு படித்தவள், அந்த நான்கு நிமிடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே உள்ள உரையாடலில் என் பெயருக்கு ஒரு வரியும் இல்லாததைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள்.

10. விழா மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் பெற்றோருக்கான இருக்கை ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு தொண்டர் வந்து, "இந்த சீட் காலியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். எனக்குத் தெரியாத ஒருவருடைய மாமா அதில் உட்கார்ந்து, நான் மேடையேறியபோது கைதட்டினார். நல்ல மனிதர். அந்தக் கைதட்டலை நான் மறக்க மாட்டேன். மறக்கவும் கூடாது என்று வைத்திருக்கிறேன். அப்பாவின் புதுச் சட்டை, கழுத்து அட்டையும் குண்டூசிகளும் கழற்றப்படாமல் பையோடு போய்ப் பையோடு திரும்பி வந்தது. நான் ரயிலில் வந்தேன்.

11. அப்பாவை வாயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு அறையில் மாலை நான்கு மணி வரை உட்கார வைத்திருந்து, கையில் ஒரு ரசீதைக் கொடுத்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் அம்மா, "ஒரு டீயாவது குடுத்தாங்களா?" என்று கேட்டதற்கு, "குடுத்தாங்க, குடுத்தாங்க. காசு நான் குடுத்தேன்" என்றார்.

12. இனி ரசீதுக்கு வருகிறேன். இதன் நகலை இணைத்துள்ளேன். அசல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அப்பா அதைக் கிழித்துப் போடப் போனார், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இந்த எழுபத்து மூன்று நாட்களாக நான் நிம்மதியாகத் தூங்குவதற்கு அந்தக் காகிதம்தான் காரணம். அதில் எழுதியிருப்பது இது:

"பொருள்: இரும்புத் துண்டு – 1. எடை: 1.8 கிலோ. காரணம்: பிற பயணிகள் அஞ்சும் வகையில் எடுத்துக் காட்டியது."

அவர்கள் அந்தக் கல்லை அதே தராசில், அதே நீல விரிப்பின் மேல் வைத்து எடை பார்த்து, தம் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, நிறுவன முத்திரையும் குத்தி எங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் அலுவலகம் ஒரு கிலோ என்று முத்திரையிட்ட கல்லை அவர்கள் 1.8 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். எது என்று முடிவு செய்யும் அதிகாரம் தங்களுக்கு இருப்பதால்தான் இந்த மனுவை வேறு எந்த அலுவலகத்துக்கும் அனுப்பாமல் தங்களுக்கு அனுப்புகிறேன்.

13. கல்லைத் திரும்பப் பெற விரும்பினால் பாதுகாப்புக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று ரசீதின் பின்பக்கம், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் உள்ளது. கட்டணம் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி. எடையைப் பொறுத்தும் மாறும். ஒரு கிலோ வரை ஒரு விகிதம், இரண்டு கிலோ வரை இரு மடங்கு. எங்கள் ஒரு கிலோ கல்லுக்கு அவர்கள் இரண்டு கிலோ விகிதத்தில் வாடகை ஏற்றி வருகிறார்கள். விரிப்பு இப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

14. நிறுவனத்துக்கு ஐந்து முறை எழுதினேன். ஐந்து பதில்களும் "உங்கள் கருத்து எங்களுக்கு விலைமதிப்பற்றது" என்று தொடங்கின. வேறு எதற்கும் அவர்கள் விலை போடாமல் விட்டதில்லை என்பதால் அந்த வரியை இருமுறை படித்தேன். நான்காம் பதிலில், வாயிலில் உள்ள தராசு "வழிகாட்டுதலுக்கு மட்டுமே" என்றும், அதனால் அதற்கு அரசு முத்திரை தேவையில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அப்படியானால் அந்தத் தராசைக் காட்டி வாங்கிய கட்டணமும் வழிகாட்டுதலுக்கு மட்டுமே என்று கருதித் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். ஐந்தாம் பதிலாக, அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிக் கூப்பன் ஒன்றை அனுப்பிவைத்தார்கள்.

15. அந்தக் கூப்பனை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

16. அதே நிறுவனத்தில், அதே நேரத்து விமானத்துக்கு, இருப்பதிலேயே மலிவான சீட்டு ஒன்று வாங்கினேன். எனக்கு எங்கும் போக வேண்டிய வேலை இல்லை. ஏழாம் எண் வாயிலுக்குப் போக அது ஒன்றுதான் வழி. முந்தின நாள் பையில் புத்தகங்களை அடுக்கி, அப்பாவின் கடையில் எடைபோடாமல், எதிர்ச்சாரியில் உள்ள தானிய மண்டியின் முத்திரையிட்ட தராசில் எடைபோட்டு, மண்டிக்காரரிடம் கையெழுத்தும் வாங்கினேன். 6.5 கிலோ. அவர், "உங்கப்பா தராசு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கு மாமா, சாட்சிக்கு" என்றேன்.

17. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய், வாயிலுக்கு எதிரே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் யாரும் அவர்களைக் கவனிப்பதில்லை. மஞ்சள் பட்டைக்காரர் வந்தார். தராசின் பிளக்கைச் செருகினார். எண்கள் ஓடி 0.0 என்று நின்றன. அதன் பிறகு மேசைக்கு அடியிலிருந்து சுருட்டி வைத்த நீல விரிப்பை எடுத்து, தூசு தட்டி, ஓரங்களைச் சரிபார்த்து விரித்தார். 0.8. பிறகு அந்தத் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் ஒருமுறை கூட அந்த எண்ணைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். பார்த்தார். காலித் தட்டு 0.8 காட்டும் புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. படத்தின் ஓரத்தில் தெரியும் விரல்கள் அவருடையவை.

18. ஒவ்வொரு பைக்கும் மஞ்சள் பட்டைக்காரர் வாய்விட்டுச் சொன்ன எடையை நோட்டில் குறித்துக்கொண்டேன். அன்று வாயிலில் எடைபோடப்பட்ட பைகள் 94. என்னைச் சேர்க்காமல் கட்டணம் கட்டியவர்கள் 41 பேர். அந்த 41 பேரில் 29 பேரின் பைகள் 7.1 முதல் 7.8 வரை காட்டின. விரிப்பைக் கழித்தால் அந்த 29 பேரும் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. இது ஒரு விமானத்தில் ஒரு நாள். மாதத்துக்கும் ஆண்டுக்கும் பெருக்கிப் பார்க்கும் கணக்கை நான் செய்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் மாதிரியை வைத்து ஆண்டு முழுவதற்கும் முடிவு சொல்வது முறையல்ல என்று படித்திருப்பதால் இங்கே சேர்க்கவில்லை. தாங்கள் கேட்டால் தருவேன்.

கட்டாமல் தப்பிக்கப் பார்த்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தச்சர் பையிலிருந்து இரண்டு கால்சட்டைகளை எடுத்து, போட்டிருந்ததற்கு மேலேயே போட்டுக்கொண்டு, முழங்கால் மடங்காமல் நடந்து போனார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் புதிய பால்மாவு டப்பாவைக் குப்பைத் தொட்டியின் மேல் நின்று பாதி கொட்டினார். கொட்டும்போது குழந்தையின் முகத்தைத் தம் தோளுக்குத் திருப்பி வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் பை 7.4 காட்டியது. உண்மையில் 6.6. ஒரு கரண்டி கூடக் கொட்டத் தேவையில்லை.

நான் எழுந்து போய் அவரிடம் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

19. கடைசியாக என் பையை வைத்தேன். 7.3 என்றார். கேட்ட தொகையைக் கட்டினேன். பிறகு, "ரசீதுல எடையையும் எழுதிக் குடுங்க" என்றேன். வீட்டிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம் அது.

"எதுக்கு மேடம்?" என்றார்.

"அப்பா கேப்பாரு" என்றேன்.

எழுதிக் கொடுத்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மண்டிச் சீட்டும் இந்த ரசீதும் அடுத்தடுத்து இணைக்கப்பட்டுள்ளன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சரியாக ஒரு விரிப்பு.

20. இதனால் எங்களுக்கு நேர்ந்தது என்ன என்று தங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுத இடம் போதவில்லை. அப்பாவின் பழுதுபார்ப்பு உரிமம் இந்த மாத இறுதியில் புதுப்பிக்கப்பட வேண்டும். சோதனைக் கற்கள் முழு வரிசையாக இருந்தால்தான் புதுப்பிப்பீர்கள் என்பது விதி, சரியான விதி. ஒரு கிலோ இல்லாத வரிசை முழு வரிசை ஆகாது. புதுக் கல் வாங்கி முத்திரை வைத்துவிடலாம் என்று அம்மா சொன்னார். அப்பா, "வாங்கினா, அது ஏதோ தப்பு செஞ்ச கல்லு, அதான் மாத்திட்டான்னு ஆயிடும்" என்று மறுத்துவிட்டார். உரிமம் போனால் கடை போகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அசையாமல் இருக்கிறார். சந்தையில் அவரை விமான நிலையத்தில் இரும்போடு பிடித்தார்கள் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. சைக்கிள் கடைக்காரர் வேடிக்கையாக, "என்னண்ணே, பிளேனைக் கடத்தப் போனீங்களாமே" என்று கேட்டார். முன்பென்றால் அப்பா அதற்குப் பதிலடி கொடுத்திருப்பார்.

இதையெல்லாம் விட ஒன்று இருக்கிறது. சில வாரங்களாக அவர் பழுதுபார்த்த தராசை மேசையில் வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, சைபர் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்கிறார். திரையில் சைபர் தெளிவாகத் தெரிகிறது. இருபத்தாறு ஆண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்த மனிதர், இதுவரை அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் "சரியா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, மாடிக்கு வந்து இந்த மனுவில் ஒரு பத்தி சேர்த்தேன். அதனால்தான் இது இவ்வளவு நீளம்.

21. ஆகவே ஐயா, நான் பணிவோடு கேட்டுக்கொள்வது:

அந்தத் தராசைத் தாங்கள் முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் விமானத்துக்குப் பயணிகள் ஏறும் நேரம் ஏற்றது. வரிசை நீளமாக இருக்கும், பார்க்க நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் பார்க்கும்படியே விரிப்பைத் தூக்க வேண்டும்.

தராசை நிராகரித்துச் சிவப்புச் சீட்டு ஒட்டினால், அது பயணிகள் நிற்கும் பக்கம் ஒட்டப்பட வேண்டும். புதிய தராசு வந்த பிறகு அதன் திரையும் அந்தப் பக்கமே திரும்பியிருக்க வேண்டும். வந்த வரிசைப்படி 41 பேரின் பட்டியலும் ஒவ்வொரு பையும் காட்டிய எடையும் என்னிடம் உள்ளன. அவர்களில் 29 பேருக்குப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். எங்கள் பணத்தை நான் கேட்கவில்லை. என் ரசீதை அவர்களிடமிருந்து நான் விலை கொடுத்து வாங்கியதாக வைத்துக்கொள்கிறேன். அது அந்த விலை பெறும்.

மஞ்சள் பட்டைக்காரரைப் பணிநீக்கம் செய்யும்படி நான் கேட்கவில்லை. தோழி இதைப் படித்துவிட்டு, "உனக்கு எவ்வளவு நல்ல மனசு" என்றாள். அவளுக்குப் புரியவில்லை. அவர் போய்விடக் கூடாது. அதே வாயிலில், அதே பட்டையோடு, விரிப்பில்லாத தராசின் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பைக்கும் முன்னால் "சைபர் பாத்துக்குங்க" என்று ஒவ்வொரு பயணியிடமும் அவர் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு 94 முறை. அந்த உத்தரவு எழுத்தில் இருந்தால் நன்றி உடையவளாக இருப்பேன்.

22. இன்னும் ஒரு கோரிக்கை உண்டு. முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டியது. எழுதினால் மற்றதைப் படிக்காமல் வைத்துவிடுவீர்களோ என்று இதுவரை கையில் வைத்திருந்தேன். இதற்குச் சட்டத்தில் பிரிவு எதுவும் இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அதிகாரமாக அல்லாமல் தயவாகவேனும் தாங்கள் இதைச் செய்து தர வேண்டும்.

எடைக்கல்லைத் தபாலில் அனுப்ப வேண்டாம். தங்கள் உதவியாளர் வழியாகவும் வேண்டாம். நாங்கள் போய் வாங்கிக்கொள்ளவும் மாட்டோம். அதை மஞ்சள் பட்டைக்காரர் தம் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வர வேண்டும். கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் சந்தைக்காரர்கள் நான்கைந்து பேராவது வாசலில் இருப்பார்கள். அப்பா எழுந்து நிற்கக் கூடாது, உட்கார்ந்தே இருக்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு முன்னால் உள்ள தராசின் தட்டில் ஒன்றும் இருக்காது, சைபர் காட்டும். அதில் அந்தக் கல்லை மஞ்சள் பட்டைக்காரரே வைக்க வேண்டும். வைத்துவிட்டு, திரையில் வருவதை எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

இடம்: சந்தைக்குப் பின்தெரு, தராசுக் கடை
நாள்: 14, புதன்கிழமை

பணிவுடன்,
(கையொப்பம்)
தராசு பழுதுபார்ப்பவரின் மூத்த மகள்